மலைக்கு வைத்த பொட்டு

பெர்சிஸின் வீட்டு நடு அறையில் ஒரு மலை காய்ந்துகொண்டிருந்தது.

வடகம் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். துணி காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் ஒரு நல்ல வெயில் அடித்தால் காய்ந்துவிடும். இந்த மலை அப்படியில்லை. ஆனி மாதம் முழுவதும் காய்ந்தது. ஆடியும் பிறந்துவிட்டது. இன்னும் காய்ந்தபாடில்லை.

அது பெர்சிஸின் அப்பா காலேப் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்விட்டு வந்ததும் ஓவிய வேலை. எல்லாரையும் போல அவர் தூரிகையால் தடவ மாட்டார். கொத்தனார் கரண்டிக்குக் குட்டி பிறந்தது போல ஒரு கத்தி வைத்திருந்தார். அந்தக் கத்தியால் வண்ணத்தை அள்ளி அள்ளி அப்புவார். பாறை இருக்கிற இடத்தில் வண்ணமும் பாறை போலவே புடைத்து நிற்கும். புதர் இருக்கிற இடம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும்.

"பிரெட்டுக்கு வெண்ணெய் தடவச் சொன்னா கஞ்சனாட்டம் தடவறீங்க. மலைக்கு மட்டும் இன்னா தாராளம்" என்று அம்மா தபிதாள் கேலி செய்வார்.

தடிமனாக அப்பினால் காய நாளாகும். பெர்சிஸுக்கு அதை அப்பா நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். காய்ச்சின பாலில் ஆடை படியும் அல்லவா, அது மாதிரிதான். மேலே பார்த்தால் ஆடை. விரலை வைத்தால் உள்ளே போய்விடும்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த மாதிரி ஓவியத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கக் கூடாது. கிட்டத்தில் அது வெறும் சேறு. வாசற்படிக்கு வந்து திரும்பிப் பார்த்தால்தான் மலை. அதனால் அப்பா ஒரு பிடி வண்ணம் வைப்பார், வாசற்படி வரை நடந்து வந்து பார்ப்பார், திரும்பப் போய் இன்னொரு பிடி வைப்பார். இவர் மலையை வரைந்து முடிப்பதற்குள் நிஜ மலையையே ஏறி இறங்கியிருக்கலாம் என்று அம்மா அதற்கும் சிரிப்பார்.

இப்படிப் பாடுபட்டு வரைந்த மலைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "ஊட்டி அழகா வந்திருக்கு" என்றார்.

அப்பாவோடு வேலை செய்யும் ஜெபசிங் மாமா பார்த்துவிட்டு, கொடைக்கானலுக்குத் தானும் போயிருப்பதாகவும், அங்கே குளிர் தாங்க முடியவில்லை என்றும் நீளமாகக் கதை சொன்னார்.

கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவர்கூட நின்று பார்த்து, "ஏலகிரிங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அது ஊட்டியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை, ஏலகிரியும் இல்லை. அவர்கள் குடியிருக்கும் திருத்தணியின் மலைதான் அது. ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஓரமா ஒரு கோபுரம் வரைஞ்சிடுங்கப்பா. எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க" என்று பெர்சிஸ் யோசனை சொன்னாள்.

அப்பா மறுத்துத் தலையாட்டினார். "கோபுரம் வரைஞ்சா கோபுரத்தக் கண்டுபிடிப்பாங்க. மலையத்தான் அவங்க கண்டுபிடிக்கணும் பெர்சி. சாயங்காலம் ரயில்ல வரேன் இல்ல? கால் வலிக்குதுன்னு செருப்பக் கழட்டி வெச்சிருப்பேன். ஜன்னல்ல இந்த மலை தெரிஞ்சதும்தான் செருப்ப மாட்டுவேன். வீடு வந்துட்டுதுன்னு எனக்கு இதுதான் சொல்லும். அந்த மலைய வரையணும்னுதான் பாத்தேன். வரல போல."

அரக்கோணத்தில் ரயில்வேக்காரர்கள் சேர்ந்து ஓவியக் கண்காட்சி ஒன்று வைக்கப்போகிறார்கள். அப்பா பெயரைக் கொடுத்திருந்தார். அவர் வரைந்ததை வெளியாட்கள் பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை. பெயர் கொடுத்த அன்று வீட்டுக்கு ஜிலேபி வாங்கி வந்தார். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் என்று கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கிப்போனது. காலண்டரில் வராத ஊட்டியா, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஆடிக் கிருத்திகை அன்று காலை, அப்பா வேலைக்குக் கிளம்பும்போது பெர்சிஸிடம் சொன்னார்: "நாளைக்கு ஜெபசிங் வண்டி எடுத்துக்கினு வரேன்னான். படத்தக் குடுக்கலாமா, வேணாமான்னு சாயங்காலம் வந்து முடிவு பண்றேன். அதுவரைக்கும் நீதான் காவல். யாரையும் உள்ள உடாத. யாரும் தொடக் கூடாது."

"சரிப்பா" என்றாள் பெர்சிஸ். பெரிய பொறுப்பு. அவள் நிமிர்ந்து நின்றுகொண்டாள்.

ஆடிக் கிருத்திகை என்றால் திருத்தணி திருத்தணியாகவே இருக்காது. மஞ்சள் துணி கட்டிய கூட்டம் தெருவெல்லாம் வழியும். தோளில் பூக்காவடி, வாயில் அரோகரா. திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தெலுங்கில் வழி கேட்பார்கள். ஊர்க்காரர்களும் தெலுங்கிலேயே வழி சொல்வார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பாவுக்குச் சிறப்பு ரயில் வேலை. அம்மா நர்ஸ் என்பதால் மலையடிவாரத்து முதலுதவி முகாமில் வேலை. ஆக, பெர்சிஸ் மலைக்குக் காவல். பெர்சிஸுக்குக் காவல் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் அத்தை.

கன்னியம்மாள் அத்தை கிருத்திகை அன்று வீட்டில் இருப்பது உலக அதிசயம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அவர் காவடி எடுக்காத கிருத்திகை கிடையாது. இந்த வருடம் கெடுத்தது ரோஜா.

ரோஜா என்பது பூ அல்ல, மாடு. கே.ஜி.கண்டிகையிலிருந்து புதிதாக ஓட்டி வந்த மாடு. பால் கறக்கப் போன அத்தையின் பாதத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல், நிதானமாக அசைபோட்டதாம். எலும்பில் விரிசல் விழுந்து, முழங்கால் வரைக்கும் வெள்ளை மாவுக்கட்டு. பிடித்து நடக்க நாலு கால் வைத்த இரும்புச் சட்டம்.

"ரோஜான்னு பேர் வெச்சா மெதுவா மிதிக்கும்னு நெனச்சேன்" என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை சொல்லிச் சொல்லி, தெருவே சிரித்தது.

கிருத்திகை அன்று அத்தை சிரிக்கவில்லை. அவர் கணவர் கண்ணையன் மாமாவும், மகள் கவிப்பிரியாவும் விடியும்போதே காவடி எடுத்துப் போய்விட்டார்கள். அத்தை மஞ்சள் புடவை கட்டி, தலைக்குக் குளித்து, போவதற்கு இடமில்லாமல் தெருவில் நின்றார்.

பெர்சிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அத்தை இரும்புச் சட்டத்தைத் தூக்கி வைத்து டொக் டொக்கென்று தெருவின் இந்த ஓரத்துக்கு வந்தார். எட்டிப் பார்த்தார். மறுபடி டொக் டொக்கென்று அந்த ஓரத்துக்குப் போனார். எட்டிப் பார்த்தார்.

"இன்னா அத்தை தேடறீங்க?"

"மலையத் தேடறேன் கண்ணு. போன வருசம் இங்கதான் இருந்துச்சு."

தெரு முனையில் புதிதாக ஒரு லாட்ஜ் எழும்பியிருந்தது. மாடி மேல் மாடி, அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி. மலை முழுவதும் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அரோகரா சத்தம் மட்டும் கேட்டது.

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெர்சிஸ் பார்ப்பதைக் கண்டதும், "தூசி" என்றார்.

நேற்று ராத்திரிதான் மழை பெய்திருந்தது. தெருவில் மருந்துக்குக்கூடத் தூசி இல்லை. பெர்சிஸுக்கு அது தெரியும்.

அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். யாரையும் உள்ளே விடாதே என்று அப்பா சொன்னது காதில் ஒலித்தது. ஆனால் அத்தை யாரோவா? போன வருடம் அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு அவருக்குத்தான் போகும்.

"அத்தை, உள்ள வாங்க. ஒண்ணு காட்டறேன். ஆனா பாக்க மட்டும்தான். தொடக் கூடாது."

"பாக்காம? நீ காட்டறத நான் துன்னவா போறேன்?" என்றபடி அத்தை டொக் டொக்கென்று வந்தார்.

நடு அறையின் வாசற்படிக்கு வந்ததும் டொக் டொக் நின்றது.

அத்தை இரும்புச் சட்டத்தை விட்டுவிட்டார். இரண்டு கையும் தலைக்கு மேல் போய்க் குவிந்தன. "முருகா" என்றார், மிக மெதுவாக.

பெர்சிஸ் திகைத்துப்போனாள். ஏனென்றால் அவள் இன்னும் எதுவுமே சொல்லவில்லை.

"அத்தை, இது எந்த மலைன்னு தெரியுதா உங்களுக்கு?"

"இன்னா கேள்வி கேக்கற? பெத்த புள்ளைய முன்னாடி நிறுத்தி, இது யாருன்னு கேப்பியா? ரயில் ரோட்டோரம் எங்க வேர்க்கடலக் கொல்ல இருக்குதில்ல, அங்க களை வெட்டிட்டு நிமுந்தா இந்த முதுகுதான் தெரியும். அந்தப் பாறையப் பாரு, எருமை படுத்துக்கினு இருக்கறா மாதிரி. காலேப்பு தம்பி அத உடவே இல்ல பாரேன்."

பெர்சிஸ் பார்த்தாள். ஆமாம், எருமை. இத்தனை நாளும் அவள் அதைக் கவனித்ததே இல்லை.

அத்தைக்குத் தாகமாக இருக்கும் என்று அவள் மோர் கரைக்க அடுப்படிக்குப் போனாள். உப்பு டப்பா கிடைக்கக் கொஞ்சம் நேரமானது. டம்ளரோடு திரும்பி வரும்போது, நடு அறையிலிருந்து சந்தன வாசனை வந்தது.

அத்தை இப்போது வாசற்படியில் இல்லை. ஓவியத்துக்கு நேர் எதிரில் நின்றார். இலைத் துண்டில் மடித்து இடுப்பில் செருகியிருந்த காலைப் பூசைச் சந்தனமும் குங்குமமும் வெளியே வந்திருந்தன. கையில் தீப்பெட்டி. உள்ளங்கையில் ஒரு கர்ப்பூரக் கட்டி.

"அத்தை, கர்ப்பூரம் மட்டும் வேணாம்" என்று பெர்சிஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். "அந்தக் குப்பியில இருக்கறது வண்ணம் கரைக்கற டர்பன்டைன். தீப்பிடிச்சா மலையும் போயிடும், வீடும் போயிடும்."

"அய்ய, அப்போ சாமிக்கு ஆரத்தி?"

பெர்சிஸ் சுற்றிலும் பார்த்தாள். அவசரத்துக்கு வேண்டும் என்று அம்மா வைத்துவிட்டுப் போன கைபேசி கண்ணில் பட்டது. டார்ச்சைப் போட்டு நீட்டினாள்.

அத்தை அதை இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கி, ஓவியத்துக்கு முன்னால் மெதுவாகச் சுற்றினார்.

அப்போது ஒன்று நடந்தது. வெளிச்சம் ஓரத்திலிருந்து விழ விழ, புடைத்து நின்ற வண்ணமெல்லாம் விழித்துக்கொண்டது. பாறைகள் பளபளத்தன. பள்ளங்களில் நிழல் ஓடியது. வெளிச்சம் நகர நகர நிழலும் நகர்ந்தது. மலையின் மேல் விடியற்காலை நடந்து போவது போல இருந்தது.

பெர்சிஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அதே வெளிச்சத்தில்தான் அதையும் பார்த்தாள்.

மலைச் சரிவின் நடுவில், வெறும் புல்லாக இருந்த இடத்தில், விரல் அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தில் மஞ்சளாகச் சந்தனம். பள்ளத்தின் மேல் விளிம்பில் சிவப்பாகக் குங்குமம்.

"அத்தை, தொட்டீங்களா?"

"தொடுவேனா? நீதான் தொடக் கூடாதுன்னு சொன்னியே" என்றார் அத்தை. "பொட்டு மட்டும்தான் வெச்சேன்."

அத்தையின் விரல் நுனியில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்காமலேயே, ஏதோ பிசுபிசுக்கிறதே என்று தன் மாவுக்கட்டில் தேய்த்துக்கொண்டார். மோரைக் குடித்தார். முகம் மலர்ந்து கிடந்தது.

"ஏறி எறங்கினா மாதிரியே இருக்குது கண்ணு. பாரேன், கால் வலி கூட வந்துட்டுது" என்று சொல்லிவிட்டு டொக் டொக்கென்று வீட்டுக்குப் போனார்.

அந்த முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது?

பெர்சிஸ் தனியாக ஓவியத்தின் முன் நின்றாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். பள்ளத்துக்குள் விரல் ரேகைகூடத் தெரிந்தது. பூனை மேல் பழி போடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். எந்த ஊர்ப் பூனை குங்குமம் வைக்கும்? அப்பாவின் குட்டிக் கரண்டியை எடுத்தாள். சுரண்டிவிட்டால்? பால் ஆடை கிழிவது போல மலையின் தோல் மொத்தமாகக் கிழிந்துவரும். அப்படியே கிழியாமல் போனாலும், அத்தை நாளைக்கு வந்து, நான் வைத்த பொட்டு எங்கே என்று கேட்டால்?

தூரத்திலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அப்பா நடப்பது போலவே வாசற்படி வரை நடந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

பெர்சிஸ் அசையாமல் நின்றாள். பிறகு ஓடிப்போய்க் கிட்டத்தில் பார்த்தாள். மறுபடி வாசற்படிக்கு வந்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம் அந்தக் குட்டிக் கரண்டியை, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா கசங்கிய சட்டையும் ஒற்றைச் செருப்புமாக வந்தார். ரயிலில் அப்படிக் கூட்டமாம். மலை தெரிந்ததும் செருப்பை மாட்டக் காலை நீட்டினால் ஒன்றுதான் அகப்பட்டதாம். இன்னொன்று யார் காலோடு மலை ஏறுகிறதோ என்றார்.

வேறு நாளாக இருந்தால் பெர்சிஸ் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அப்பா, நடு அறை வாசப்படியில நில்லுங்க. கிட்ட போகாதீங்க. பாத்துட்டு இன்னா தோணுதோ சொல்லுங்க. அப்புறமா நான் ஒண்ணு சொல்லணும். அது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல."

அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் நின்றார். ஓவியத்தைப் பார்த்தார்.

பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"யாரு அது, மேல ஏறிப் போறது?"

பெர்சிஸ் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். குனிந்தார். சந்தனம் மணத்தது. பள்ளத்தையும் குங்குமத்தையும் ரேகையையும் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

பெர்சிஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். லாட்ஜ் மலையை மறைத்ததை, தூசியே இல்லாத தெருவில் அத்தை கண்ணைத் துடைத்ததை, மோரை, டார்ச் ஆரத்தியை. எதையும் விடவில்லை. "அத்தை மேல தப்பில்லப்பா. உள்ள ஈரம்னு நான் சொல்லவே இல்ல. நான்தான் கூட்டிக்கினு வந்தேன்" என்று முடித்தாள்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் பம்பை மேளச் சத்தம் வந்து, கடந்து, தேய்ந்து போனது.

"உன்னதானே காவல் வெச்சேன்" என்றார்.

பெர்சிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா கையை நீட்டிக் குட்டிக் கரண்டியை எடுத்தார். அதன் நுனி பொட்டின் பக்கத்தில் போனது.

"அப்பா" என்றாள் பெர்சிஸ். "இன்னொண்ணு சொல்லணும். இது எந்த மலைன்னு நான் அத்தைகிட்ட சொல்லவே இல்ல."

கரண்டி நின்றது. "அப்புறம்?"

"அவங்களே கையெடுத்துக் கும்பிட்டாங்க. இது எந்த மலைன்னு தெரியுதான்னு கேட்டேன். பெத்த புள்ளையக் காட்டி யாருன்னு கேக்கறியான்னு திட்டினாங்க. எருமைப் பாறைய உடவே இல்ல பாருன்னாங்க."

"எருமையப் பாத்தாங்களா?"

"ஆங். உடனே பாத்தாங்க."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து வாசற்படி வரை நடந்து வந்து, பெர்சிஸின் பக்கத்தில் நின்றார்.

அங்கிருந்து பார்த்தால் பள்ளமும் இல்லை, பொட்டும் இல்லை. ஆளே இல்லாத அந்தப் பெரிய மலைச் சரிவில், மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தர், தோளில் சிவப்புப் பூக்காவடியோடு ஏறிக்கொண்டிருந்தார். தனியாக, அவசரமே இல்லாமல்.

"ஊட்டின்னு நெனச்சா யாராவது பொட்டு வெப்பாங்களா பெர்சி?" என்றார் அப்பா. அவர் குரலில் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்து சேர்ந்தார். நாள் முழுக்க மயங்கி விழுந்தவர்களுக்கும் முள் குத்தியவர்களுக்கும் மருந்து போட்டுக் களைத்த முகம். என்ன இரண்டு பேரும் வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இது எப்போங்க திருத்தணி ஆச்சு? காலைல வரைக்கும் ஊட்டியா இருந்துதே."

அப்பாவும் பெர்சிஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா உடனே ஜெபசிங் மாமாவைக் கைபேசியில் கூப்பிட்டு, நாளைக்குக் கட்டாயம் வண்டி வேண்டும் என்றார். அந்தக் கொடைக்கானல் படத்துக்குத்தானே என்று மாமா கேட்டிருக்க வேண்டும். "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லு" என்று அப்பா மிடுக்காகச் சொல்லிக் கைபேசியை வைத்தார்.

சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும். அதனால் அதை ஊசி முனையால் பதமாக எடுத்துவிட்டு, அதே பள்ளத்தில் மஞ்சள் வண்ணம் வைக்க வேண்டும் என்றார் அப்பா. குங்குமம் ஈரத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அது அப்படியே இருக்கட்டும்.

"ரேகைய மட்டும் அழிச்சிடாதீங்கப்பா" என்றாள் பெர்சிஸ்.

அவர் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தபோது, தெருவில் டொக் டொக் சத்தம் கேட்டது. இந்த முறை அது மிகவும் வேகமாகக் கேட்டது.

கன்னியம்மாள் அத்தை மூச்சு வாங்க வந்து நின்றார். பின்னால், நெற்றி நிறைய விபூதியோடு கவிப்பிரியா. மலையிலிருந்து இறங்கி வந்த கவிப்பிரியாதான் தன் அம்மாவின் மாவுக்கட்டில் பச்சைத் தீற்றல் இருப்பதைப் பார்த்தாளாம். இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாளாம். அப்போதுதான் அத்தைக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

அத்தையின் முகத்தில் மத்தியானம் இருந்த மலர்ச்சி ஒரு துளிகூட இல்லை.

"காலேப்பு தம்பி," என்றார். "உன் மலைய நான் கெடுத்துட்டேனா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் பெர்சிஸ் முந்திக்கொண்டாள். ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்து, நடு அறை வாசற்படியில் நிறுத்தினாள்.

"இங்கியே நில்லுங்க அத்தை. கிட்ட போனா சேறு. இங்கேர்ந்து பாத்தாதான் மலை. மலைமேல யாரு ஏறிப் போறாங்க, பாத்துச் சொல்லுங்க."

அத்தை கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். கொல்லையில் நிமிர்ந்து நின்று பார்ப்பது போலவே பார்த்தார்.

"மஞ்சப் பொடவ கட்டியிருக்கா. பூக்காவடி எடுத்துக்கினு போறா. தன்னந்தனியா போறாளே, யாரு பெத்த பொண்ணோ."

"நீங்கதான் அத்தை அது."

அத்தை பெர்சிஸைப் பார்த்தார். தன் மஞ்சள் புடவையைக் குனிந்து பார்த்தார். விரல் நுனியைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தூசி" என்றார்.

"ஆமா அத்தை. இன்னிக்கு ரொம்பத் தூசி" என்றாள் பெர்சிஸ்.

பெர்சிஸின் அம்மா கவிப்பிரியாவின் தலையைத் தடவி உள்ளே கூட்டி வந்தார். அத்தை மூக்கை உறிஞ்சினார். பிறகு, பழைய கன்னியம்மாள் அத்தையாக மாறி, கழுத்தைச் சாய்த்து ஓவியத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நான்தான்னா, கால்ல கட்டு எங்க?"

அப்பா உள்ளே போனார். குட்டிக் கரண்டியின் நுனியில் கடுகளவு வெள்ளை எடுத்தார். ஏறிப் போகிறவரின் கால் இருக்கிற இடத்தில் மெதுவாக ஒற்றினார். வாசற்படிக்கு வந்து மற்றவர்களோடு நின்றுகொண்டார்.

மலையில் ஏறிக்கொண்டிருந்தவருக்கு இப்போது ஒரு கால் வெள்ளையாக இருந்தது. அதனாலெல்லாம் அவர் நின்றுவிடவில்லை.

அடுத்த வீட்டுக் கொட்டகையிலிருந்து "ம்மா" என்று ஒரு குரல் வந்தது. கறக்கிற நேரம் தப்பிவிட்டதே என்று ரோஜா கூப்பிட்டது.

அத்தை இரும்புச் சட்டத்தைத் தூக்கித் திருப்பினார். இரண்டு டொக் வைத்துவிட்டு நின்று, அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. அதை மட்டும் எனக்குப் பின்னால மலை ஏத்தி உட்டுடாத."